மாத்திரையா, பேண்டா, டிப்ஸா?

உணவுக்குழாயில் இரத்தநாளங்கள் வீங்கியிருக்கின்றன என்று எண்டோஸ்கோப்பி அறிக்கை வந்ததும் எந்தக் குடும்பமும் முதலில் கேட்பது, "இதை எப்படி எடுப்பது?" என்பதைத்தான். எங்கள் வீட்டிலும் அதையேதான் கேட்டோம். அண்ணனுக்கு வலி இல்லை, விழுங்குவதில் சிரமம் இல்லை. வேறெதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஸ்கேன் எடுத்தால் மண்ணீரல் பெரிதாகத் தெரிந்தது, கல்லீரல் தழும்பேறி இறுகி, சிரோசிஸ் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் எண்டோஸ்கோப்பி. 'நடுத்தர அளவு வேரிசஸ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். வேரிசஸ் என்பது அந்த வீங்கிய நாளங்களின் பெயர்.

சிரோசிஸ் என்றதும் எல்லோரும் "குடிப்பாரா?" என்றுதான் கேட்டார்கள். அவருக்கு இருந்தது கொழுப்புக் கல்லீரல். ஹெபடைடிஸ் பி, சி, உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் நோய்கள் என்று இந்த இடத்துக்கு வந்து சேரப் பல பாதைகள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அண்ணி களைத்துப் போனதுதான் மிச்சம். குடிப்பவராகவே இருந்தாலும் வைத்தியம் வைத்தியம்தானே.

சரி, இந்த நாளங்கள் ஏன் வீங்குகின்றன? குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, அதைக் கடந்த பிறகே மேலே செல்கிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியில் வருவதுதான். கல்லீரல் தழும்பேறி இறுகினால் நுழைய இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கத்து வாய்க்கால்களில் ஏறுவதைப் போல, இரத்தம் வேறு வழி தேடி உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இருக்கும் சிறிய நாளங்களுக்குள் புகுகிறது. அவை இவ்வளவு இரத்தத்தைச் சுமப்பதற்காக அமைந்தவை அல்ல. அதனால் புடைக்கின்றன, சுவர் மெலிகிறது, ஒரு நாள் வெடிக்கலாம்.

இந்த அழுத்தத்தை அளக்கலாம். கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாய் ஒன்றைக் கல்லீரல் சிரைக்குள் செலுத்தி, கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள். ஆரோக்கியமான ஆளுக்கு அது 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரசம். 10-ஐத் தாண்டினால் வேரிசஸ் உருவாகத் தொடங்கும். இரத்தக் கசிவு பெரும்பாலும் 12-க்கு மேலே போனவர்களுக்குத்தான். வைத்தியத்தால் அது 12-க்குக் கீழே இறங்கினாலோ, ஆரம்ப அளவிலிருந்து 20% குறைந்தாலோ கசியும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. இந்தச் சோதனையை எல்லா மருத்துவமனைகளிலும் செய்வதில்லை, எல்லா நோயாளிக்கும் தேவையும் இல்லை. ஆனால் எந்த வைத்தியத்தைப் பற்றிப் படித்தாலும் எனக்கு இந்த எண்கள்தான் அளவுகோலாக இருந்தன. இது அழுத்தத்தைக் குறைக்கிறதா, அல்லது வீங்கிய நாளத்தை மட்டும் மூடுகிறதா? இதைக் கேட்டுக்கொண்டு படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

இன்னும் கசியாதவருக்கு இரண்டு வழிகள் முன்னால் வைக்கப்படும். ஒன்று பீட்டா பிளாக்கர் மாத்திரை, மற்றது பேண்டிங், அதாவது எண்டோஸ்கோப்பி வழியாக வீங்கிய நாளத்துக்கு ரப்பர் வளையம் போடுவது.

மாத்திரையை முதலில் பார்ப்போம். 1981-இல் பிரான்சைச் சேர்ந்த லெப்ரெக் குழுவினர் புரோப்ரனலால் என்ற பழைய இதய மாத்திரை, ஒருமுறை கசிந்தவர்களுக்கு மறுபடி கசிவதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். இது இதயத் துடிப்பை மட்டும் குறைக்கும் வகை அல்ல. குடல் பக்க இரத்தநாளங்களையும் சுருங்க வைப்பதால் போர்ட்டல் சிரைக்குள் வரும் இரத்தத்தின் அளவே குறைகிறது. இதயத்தை மட்டும் குறிவைக்கும் மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்றவற்றால் இந்தப் பலன் கிடைக்காது. "எனக்கு ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் கொடுத்திருக்கிறார்களே" என்று இருந்துவிடுபவர்கள் பெட்டியில் உள்ள பெயரை ஒருமுறை பார்ப்பது நல்லது. இப்போது பல மருத்துவர்கள் முதலில் எடுப்பது கார்வெடிலால். அது கல்லீரலுக்குள் உள்ள நாளங்களையும் கொஞ்சம் தளர்த்துகிறது. புரோப்ரனலாலுக்கு மசியாத பலருக்கு இது வேலை செய்திருக்கிறது. வழக்கமாக ஒரு நாளைக்கு 6.25 மில்லிகிராமில் தொடங்கி, தாங்கினால் 12.5 வரை ஏற்றுவார்கள்.

பேண்டிங்கின் கதை வேறு. மூலநோய்க்கு ரப்பர் வளையம் போடும் பழைய முறையை உணவுக்குழாய்க்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டீக்மன், 1986 வாக்கில். எண்டோஸ்கோப்பியின் நுனியில் ஒரு தெளிவான மூடி இருக்கும். வீங்கிய நாளத்தை அதற்குள் உறிஞ்சி இழுத்து, அடியில் வளையத்தை நழுவ விடுவார்கள். இரத்த ஓட்டம் நின்று அந்த இடம் கருகி, சில நாட்களில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். கீழே ஒரு சிறு புண் இருக்கும், அது ஆறித் தழும்பாகும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போட்டுக்கொண்டே வருவார்கள். ஒரே தடவையில் முடியாது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை திரும்ப வந்து, எல்லாம் மறையும் வரை போட வேண்டும்.

எங்கள் வீட்டில் எல்லோருடைய மனமும் பேண்டிங் பக்கம் சாய்ந்தது. காரணம் புரியக்கூடியதுதான். டாக்டர் ஏதோ செய்தார், திரையில் பார்த்தோம், வீங்கியது போய்விட்டது என்று இருக்கும். மாத்திரையில் அந்த நிம்மதி கிடையாது. தினமும் விழுங்க வேண்டும், உடம்பு சோர்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. அண்ணன் டாக்டரிடம் நேராகவே கேட்டார்: "இருக்கிறதைக் கட்டிப் போட்டுட்டா முடிஞ்சுதே, டாக்டர்?" டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கட்டலாம் சார். ஆனா அழுத்தம் அப்படியே இருக்கும். வேற இடத்துல மறுபடி வரும். அதோட, வயித்துல தண்ணி கோக்கிறதும் அதே அழுத்தத்தால வர்றதுதான். அதை வளையம் தடுக்காது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு இந்த ஒப்பீட்டின் திசையைத் திருப்பியது. கசிவை மட்டும் வைத்துப் பார்த்தால் மாத்திரையும் பேண்டிங்கும் கிட்டத்தட்டச் சமம். உயிர் பிழைப்பதிலும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் சிரோசிஸ் உள்ளவரின் வாழ்க்கை கசிவில் மட்டும் தடுமாறுவதில்லை. வயிற்றில் நீர் கோப்பதுதான் பலருக்கு முதலில் வரும் சரிவு. 2019-இல் ஸ்பெயினில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதைத்தான் பார்த்தது. அழுத்தம் ஏறியிருந்தும் இன்னும் எந்தச் சிக்கலும் வராத 201 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. கல்லீரல் சரிவோ மரணமோ நேர்ந்தவர்கள் மருந்து எடுத்த குழுவில் 16%, எடுக்காத குழுவில் 27%. அந்த வித்தியாசம் பெரும்பாலும் நீர் கோப்பது குறைந்ததால் வந்தது. இத்தாலியின் பவேனோ நகரில் 1990 முதல் கூடிவரும் நிபுணர்கள் 2021-இல் வெளியிட்ட ஏழாவது கருத்தொற்றுமையில் கார்வெடிலாலை முன்னால் வைத்ததற்கு இந்த மாதிரிச் சான்றுகள்தான் காரணம்.

ஆக, இன்னும் கசியாதவருக்கு, மாத்திரையை எடுக்க முடியும் என்றால், என் ஓட்டு மாத்திரைக்குத்தான். 'எடுக்க முடியும் என்றால்' என்பதை லேசாகச் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. இதயத் துடிப்பு ஏற்கெனவே மிகக் குறைவாக உள்ளவர்கள், இதயத்தின் மின்கடத்தலில் அடைப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது. அண்ணனுக்கும் முதல் சில வாரங்கள் சிரமமாகத்தான் இருந்தன. படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டும். அளவைப் பாதியாக்கி, இரவில் கொடுத்து, மெதுவாக ஏற்றினார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 55 முதல் 60 வரை வரலாம், மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போகக்கூடாது என்று சொன்னார்கள். அதைப் பார்க்க வீட்டில் ஒரு பிபி கருவி போதும். உண்மையிலேயே தாங்காதவர்களுக்கு, அல்லது நாளத்தின் மேல் சிவப்புத் தடங்கள் (கசியும் ஆபத்தின் அறிகுறி) தெரிந்து மாத்திரையும் எடுக்க முடியாதவர்களுக்கு, பேண்டிங் நல்ல வழி. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். சிரோசிஸ் உள்ள எல்லோருக்கும் இப்போது எண்டோஸ்கோப்பி தேவைப்படுவதில்லை. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரல் விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் கீழேயும், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலேயும் இருந்தால் ஆபத்தான வேரிசஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, குழாயை விழுங்க வேண்டியதில்லை. அண்ணன் இரண்டிலும் தேறவில்லை, அதனால் விழுங்கினார்.

அப்புறம், மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தபோதே கசிந்தது.

விவரத்துக்குள் ரொம்பப் போகவில்லை. இரத்த வாந்தி, மயக்கம், ஆம்புலன்ஸ். அன்றிரவு உறவினர் ஒருவர் போனில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "அப்பவே வளையம் போட்டிருந்தா இது வந்திருக்குமா?" இதற்குக் கோபமில்லாமல் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. நடுத்தர, பெரிய வேரிசஸ் உள்ளவர்களில் எந்த வைத்தியமும் இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுகளில் சுமார் 30% பேருக்குக் கசியும். பீட்டா பிளாக்கர் அதை ஏறக்குறைய பாதியாக்குகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. பேண்டிங் செய்தவர்களிலும் அதே போல ஒரு மீதி இருக்கிறது. கூடவே வளையம் உதிர்ந்த புண்ணிலிருந்து கசியும் ஆபத்து ஒன்று தனியாக உண்டு. அண்ணன் அந்த மீதிக்குள் விழுந்தார். ஒருவருக்கு நடந்ததை வைத்து வைத்தியத்தைத் தீர்ப்பிட்டால், நல்லபடியாக இருப்பவர்களையும் அதே தராசில் வைக்க வேண்டும். அவர்கள் யாரும் நமக்குப் போன் செய்து சொல்வதில்லை.

கசியும்போது நடப்பது வேறு விதமான வைத்தியம். அங்கே ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடமில்லை, பலவும் ஒன்றாக நடக்கும். எங்களுக்குப் புதிராக இருந்த சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, இரத்தம் ஏற்றுவது. இவ்வளவு இரத்தம் போயிருக்கிறதே, பாட்டில் பாட்டிலாக ஏற்ற மாட்டார்களா என்று நாங்கள் பதறினோம். அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். 2013-இல் ஸ்பெயினில் வில்லனுவேவா குழு 921 பேரை வைத்துச் செய்த ஆய்வு, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றியவர்களில் ஆறு வாரத்தில் 95% பேர் பிழைத்திருந்தார்கள் என்றும், 9-க்குக் கீழே போனதுமே தாராளமாக ஏற்றியவர்களில் 91% என்றும் காட்டியது. போர்ட்டல் அழுத்தம் ஏற்கெனவே அதிகம். அளவுக்கு மீறி ஏற்றினால் அது இன்னும் ஏறும், கசிவு கூடும். தெரிந்த பிறகு எளிது. அந்த நேரத்தில் டாக்டரின் சட்டையைப் பிடிக்கத் தோன்றியது.

இரண்டாவது, ஆன்டிபயாடிக். காய்ச்சலே இல்லாதவருக்கு எதற்கு என்று தோன்றும். கசியும் சிரோசிஸ் நோயாளிக்குத் தொற்று மிக எளிதில் வரும். தொற்று வந்தால் மறுபடி கசியும், மரணமும் கூடும். அதனால் முதல் நாளிலிருந்தே, பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன், ஏழு நாள் வரை கொடுக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றும் படிகளில் இதுவும் ஒன்று என்று யார் வீட்டிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, அழுத்தத்தை உடனே இறக்கும் ஊசிகள். டெர்லிபிரெஸ்சின், ஆக்ட்ரியோடைட், சோமாடோஸ்டாட்டின் மூன்றும் குடல் பக்க இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. எண்டோஸ்கோப்பிக்குக் காத்திருக்காமல், சந்தேகம் வந்ததுமே தொடங்கி இரண்டு முதல் ஐந்து நாள் வரை தொடர்வார்கள். கசிவை அடக்குவதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டெர்லிபிரெஸ்சின் மற்ற இடங்களிலும் நாளங்களைச் சுருக்கும் என்பதால் இதய அடைப்பு உள்ளவர்களுக்கு எச்சரிக்கையாக இருப்பார்கள், சோடியம் அளவையும் கவனிப்பார்கள்.

இவற்றோடு, உடல் ஓரளவு நிலைப்பட்டதும், 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி. கசிவது வேரிசஸ்தான் என்று உறுதியானால் அங்கேயே வளையம். முன்பெல்லாம் இந்த இடத்தில் ஸ்கிளிரோதெரபி, அதாவது நாளத்துக்குள்ளோ பக்கத்திலோ ஊசி போட்டு அதை உறைய வைக்கும் முறை இருந்தது. 1939-இல் சுவீடனின் கிராஃபோர்ட், ஃபிரெங்க்னர் என்ற இருவர் தொடங்கியது. புண், உணவுக்குழாய் குறுகுதல், சில வேளை ஓட்டை என்று அதன் பக்கவிளைவுகள் அதிகம். 1990-களில் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் பேண்டிங் ஜெயித்துவிட்டது. வளையம் போட முடியாத சூழலில் இன்னும் பயன்படுகிறது. உங்களுக்கு முதல் தேர்வாக அதைச் சொன்னால், ஏன் பேண்டிங் இல்லை என்று கேட்பதில் தப்பில்லை.

எதுவும் கட்டுப்படாவிட்டால் பலூன். செங்ஸ்டேக்கன், பிளேக்மோர் இருவரும் 1950-இல் அறிமுகப்படுத்திய குழாய். இரைப்பையிலும் உணவுக்குழாயிலும் பலூனை ஊதி நாளத்தை அழுத்திப் பிடிப்பார்கள். பெரும்பாலும் நிற்கும். ஆனால் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் திசு அழுகும், காற்றை எடுத்ததும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி கசியும். அடுத்த வைத்தியத்துக்கு நேரம் வாங்குவதுதான் அதன் வேலை. இப்போது அதற்குப் பதிலாகத் தானாக விரியும் உலோக ஸ்டென்ட்டும் (வலைக்குழாய்) உண்டு, அதை ஏழு நாள் வரை விட்டு வைக்கலாம்.

கசிவு நின்று வீட்டுக்கு வரும்போதுதான் உண்மையான ஒப்பீடு மறுபடி தொடங்குகிறது. எதுவும் செய்யாவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் ஏறக்குறைய 60% பேருக்கு மறுபடி கசியும். இப்போது 'மாத்திரையா பேண்டா' என்ற கேள்வியே இல்லை, இரண்டும் சேர்ந்துதான். வளையம் மட்டும் போட்டு மாத்திரையை விடுவதும், மாத்திரை மட்டும் எடுத்து வளையத்துக்குப் போகாமல் இருப்பதும் இரண்டும் சேர்ந்த வைத்தியத்தைவிடக் குறைவான காப்புதான். அண்ணனுக்கு இந்த இரட்டை வைத்தியம் ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. அவர் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டதே! வளையம் போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் நெஞ்சில் வலி, விழுங்கச் சிரமம். கொஞ்ச நாள் மிருதுவான உணவு, புண் ஆறுவதற்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. அந்த அமில மாத்திரையைப் புண் ஆறியதும் நிறுத்திவிட வேண்டும். காரணமில்லாமல் மாதக்கணக்கில் தொடர்வது சிரோசிஸ் உள்ளவர்களுக்கு நல்லதல்ல, தொற்று ஆபத்தைக் கூட்டுகிறது.

அடுத்தது டிப்ஸ். நான் அதிகம் படித்ததும் அதிகம் குழம்பியதும் இதில்தான்.

கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரல் சிரைக்குள் போய், அங்கிருந்து கல்லீரல் திசுவைத் துளைத்துப் போர்ட்டல் சிரையின் ஒரு கிளையைப் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் ஸ்டென்ட் வைத்துவிடுகிறார்கள். இரத்தம் இறுகிய கல்லீரல் திசுவுக்குள் புகாமல் அந்த ஸ்டென்ட் வழியாகவே நேராக மேலே போகிறது, அழுத்தம் உடனே விழுகிறது. 1969-இல் ஜோசஃப் ரோஷ் இதன் அடிப்படையை நாய்களில் காட்டினார். 1988-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் முதல்முறையாக ஒரு மனிதருக்கு உலோக ஸ்டென்ட்டோடு செய்தார்கள். முதல் ஸ்டென்ட்டுகள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. உறை போட்ட ஸ்டென்ட் வந்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

மறுபடி கசிவதைத் தடுப்பதில் டிப்ஸுக்கு ஈடு இல்லை, மாத்திரையும் பேண்டிங்கும் சேர்ந்தாலும் அதற்குப் பின்னால்தான். அப்படியானால் எல்லோருக்கும் ஏன் வைப்பதில்லை? இங்கே பழைய சரித்திரம் உதவும். 1877-இல் நிக்கோலாய் எக் என்ற ரஷ்யர் நாய்களில் போர்ட்டல் சிரையை இதயத்துக்குப் போகும் பெரிய சிரையோடு நேராகத் தைத்தார். பிறகு பாவ்லோவின் ஆய்வகம் அந்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தால் அவை நிலை தடுமாறுவதைக் கவனித்தது. கல்லீரலில் சுத்தமாகாத இரத்தம் நேராக மூளைக்குப் போகிறது அல்லவா. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மனிதர்களுக்கு இதே போன்ற அறுவைகள் செய்தபோதும் கசிவு நன்றாக நின்றது, ஆனால் கசியாத நோயாளிகளுக்கு முன்கூட்டியே செய்தவர்கள் கூடுதலாக வாழவில்லை. கல்லீரல் செயலிழப்பும் குழப்பமும் கூடின. கசிவை நிறுத்துவது ஒன்று, ஆளை நீண்ட நாள் நல்லபடியாக வாழ வைப்பது இன்னொன்று என்பதை மருத்துவம் அந்த அறுவைகளில்தான் கற்றது. டிப்ஸும் அதே வழியைச் சிறிய துளையில் செய்வதால் அதே கடனோடுதான் வருகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளைக் குழப்பம் வருகிறது. மறதி, தூக்க நேரம் மாறுதல், கை நடுக்கம் என்று லேசாகத் தொடங்கி, சிலருக்கு நினைவு தப்பும் வரை போகும். லாக்டுலோஸ், ரிஃபாக்சிமின் கொடுத்துப் பெரும்பாலும் சமாளிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் குறுக்களவில் வைத்தால் 10-ஐவிடக் குழப்பம் குறைவு. இதயம் பலவீனமானவர்களுக்கும், நுரையீரல் அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கும், பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) மிக ஏறியவர்களுக்கும் இது ஆகாது.

இவ்வளவையும் படித்துவிட்டு 'கடைசிக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று டிப்ஸை ஓரமாக வைப்பதும் சரியில்லை. சிலருக்கு முதல் கசிவிலேயே, 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் வைப்பதுதான் உயிரைக் காக்கிறது. 2010-இல் கார்சியா பகான் தலைமையில் 63 பேரோடு நடந்த ஆய்வில், மீண்டும் கசியும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இப்படி முன்கூட்டியே வைத்தபோது ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 86%, வழக்கமான வைத்தியத்தில் 61%. யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது சைல்ட்-பியூ மதிப்பெண். பிலிருபின், ஆல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மூளைக் குழப்பம் ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு 5 முதல் 15 வரை கணக்கிடுவார்கள். 10 முதல் 13 வரை உள்ள 'சி' பிரிவினரும், எண்டோஸ்கோப்பியின்போதே கசிந்துகொண்டிருக்கும், 7-க்கு மேற்பட்ட 'பி' பிரிவினரும் இந்த அவசர டிப்ஸுக்குரியவர்கள். அண்ணன் குறைந்த மதிப்பெண் உள்ள 'ஏ' பிரிவு. அதனால் அவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, சொல்லாததும் சரிதான். ஆனால் ஒரு குடும்பம் அந்த மணி நேரங்களில் கேட்க வேண்டிய கேள்வி, "இவர் மதிப்பெண் என்ன, டிப்ஸ் வைக்கும் இடத்துக்கு மாற்ற வேண்டுமா?" என்பதுதான். அந்தக் கதவு திறந்திருக்கும் நேரம் குறைவு.

இரைப்பைக்குள் இருக்கும் வேரிசஸுக்கு வளையம் அவ்வளவாக ஒத்துவராது. அங்கே சயனோஅக்ரிலேட் பசையை ஊசியாகச் செலுத்துகிறார்கள். குழந்தைகளுக்கும் கல்லீரல் நன்றாக இருந்து போர்ட்டல் சிரை மட்டும் அடைத்துக்கொண்டவர்களுக்கும் இந்தக் கணக்குகள் எல்லாம் மாறும், அவர்களில் சிலருக்கு அறுவையே நல்ல தீர்வு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கல்லீரல் மாற்று அறுவையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன எதுவும் சிரோசிஸைக் குணப்படுத்துவதில்லை. காரணத்தை நிறுத்துவது (குடியை விடுவது, ஹெபடைடிஸ் வைரஸுக்கு மருந்து எடுப்பது, எடையைக் குறைப்பது) சிலருக்கு அழுத்தத்தையே இறக்குகிறது. இந்த வைத்தியப் பட்டியலில் அதை யாரும் எழுதுவதில்லை என்பது என் நீண்ட நாள் குறை. அதையும் மீறிக் கல்லீரல் சரிந்துகொண்டே போனால் மாற்று ஒன்றுதான் கல்லீரலையும் அழுத்தத்தையும் சேர்த்துச் சரிசெய்கிறது. அந்தப் பேச்சைக் கசிவுக்குப் பிறகு முதல் சந்திப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது, மதிப்பீட்டுக்கே நேரம் பிடிக்கும்.

இப்போது அண்ணனுக்கு வேரிசஸ் மறைந்துவிட்டது, கார்வெடிலால் தொடர்கிறது. மறைந்தது திரும்ப வரும் என்பதால் முதலில் சில மாதங்களிலும், அப்புறம் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோப்பி உண்டு. மாத்திரையை அவராக நிறுத்துவதில்லை. வாந்தி பேதி வந்து உடலில் நீர் வற்றினாலோ, மேல் அழுத்தம் 90-க்குக் கீழே போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ மட்டும் அன்றே டாக்டருக்குப் போன் செய்து கேட்டு, தற்காலிகமாகக் குறைப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறார்கள். வலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை எதுவும் கிடையாது. மலம் கறுத்தால் காலை வரை காத்திருப்பதில்லை.

இந்த இரண்டு வைத்தியமும் இருந்தும் மறுபடி கசிந்தால் அடுத்தது டிப்ஸ் என்று டாக்டரோடு பேசி வைத்திருக்கிறோம். அதற்காக எக்கோ எடுத்தாகிவிட்டது, இதயம் தாங்கும் என்கிறார்கள். அண்ணி கேட்டது குழப்பம் வந்தால் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று. தினமும் ஒரே வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுத வைத்து, கையெழுத்து மாறுகிறதா என்று பார்க்கச் சொன்னார் நர்ஸ். அண்ணன் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார், தன் கையெழுத்து எப்போதும் மோசம்தான் என்பதற்கு முன்கூட்டியே ஆதாரம் வேண்டுமாம்.